முந்திரிக்கொட்டையும் சாத்தனூர் கல்மரமும்

‘முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டு வராதே’ என்று பெரியவர்கள் பிள்ளைகளை அதட்டுவது நம் ஊர்களில் வழக்கம். அரியலூர் மாவட்டம் வரதராஜன்பேட்டையில் அந்த அதட்டலுக்கு விளக்கமே தேவைப்படாது. ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வட்டாரத்துச் செம்மண் பூமி முந்திரிக்குப் பேர்போனது. பழம் மேலே இருக்க, கொட்டை மட்டும் வெளியில் துருத்திக்கொண்டு தொங்குவதைப் பார்த்தே வளர்கிறவர்கள் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்.

அப்படி வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, அந்தக் கொட்டையாலேயே தேர்வில் மதிப்பெண் போனது.

பிளஸ் ஒன் படிக்கிறாள். டிசம்பர் மாத அரையாண்டுத் தேர்வில், தாவரவியல் தாளில் ஒரு கேள்வி. திறந்த விதைத் தாவரங்களுக்கும் மூடிய விதைத் தாவரங்களுக்கும் உள்ள வேறுபாட்டை உதாரணத்தோடு எழுத வேண்டும். புத்தகத்தில் பைன், சைகஸ் என்று பெயர்கள் இருந்தன. அதையே எழுதாமல் ஊரில் இருப்பதை எழுதினால் டீச்சர் மெச்சுவார் என்று நினைத்தாள். பழத்துக்கு வெளியே விதை இருப்பதால் முந்திரி திறந்த விதைத் தாவரம். ஊசி இலையும் கூம்புக் காயும் இருப்பதால் சவுக்கும் திறந்த விதைத் தாவரம் என்று எழுதிவைத்தாள். இரண்டிலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி.

விடைத்தாளைப் பார்த்த தாத்தா பேத்தியின் பக்கம்தான் நின்றார். “கொட்டை வெளியில இருக்குன்னு எழுதினதுல என்ன தப்பு? தோப்புல வந்து பார்த்தா டீச்சருக்கே தெரியுமே!”

அந்த வாரம் வீட்டில் வேறொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. தாத்தாவுக்கு 3 ஏக்கர் முந்திரித் தோப்பு. ஒரு பாதி, அவருடைய அப்பா காலத்தில் கொட்டை ஊன்றி வளர்த்த மரங்கள். மறு பாதி, அவரே பிறகு வைத்தவை. முந்தைய பருவத்தில் பூ கொத்துக் கொத்தாகப் பூத்தது. காய்தான் பிடிக்கவில்லை. “மொத்தத்தையும் வெட்டிட்டு சவுக்கு போட்டுடலாம்ப்பா. நாலு வருஷத்துல ஒரே கையா காசு வந்துடும்” என்றார் மகன். மர வியாபாரி ஒருவர் தோப்பைச் சுற்றிப் பார்த்து விலையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பொங்கலுக்குள் பதில் சொல்வதாகப் பேச்சு.

பேத்தியின் பெருக்கல் குறிக்கும் தோப்பின் கதிக்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது வீட்டில் யாரும் நினைக்கவில்லை.

கொட்டைதான் காய்

மறுநாள் டீச்சர் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: “வீட்டுல பச்சைக் கொட்டை இருந்தா உடைச்சுப் பாரு. விதை திறந்து கிடக்குதா, மூடியிருக்குதான்னு நீயே சொல்லு.”

உடைப்பதற்கு ஆயாவைவிட யார் இருக்கிறார்கள்? கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, வறுக்காத கொட்டை ஒன்றைக் கட்டையில் வைத்துத் தட்டிப் பிளந்தார். தடித்த மேல் ஓடு. ஓட்டின் நடுவில் தேன்கூடு போன்ற சிறு அறைகள். அவற்றில் கறுத்த எண்ணெய். அதற்கும் உள்ளே செம்பழுப்புத் தோல். அந்தத் தோலுக்குள் இரண்டு பிளவாக வெள்ளைப் பருப்பு.

“திறந்து கிடக்குதாம்ல! நாப்பது வருஷமா என் கையை வேகவெச்சது இந்த மூடிதான்” என்றார் ஆயா.

அந்த ஒரு வார்த்தையில் பாடம் முடிந்துவிட்டது. பூக்கும் செடி எதை எடுத்தாலும், அதன் பூவின் நடுவில் சூற்பை என்று ஒரு சிறிய பை இருக்கும். விதையாக வேண்டிய சூல் அந்தப் பைக்குள் மூடி வைக்கப்பட்டிருக்கும். மகரந்தம் நேராகச் சூலைத் தொட முடியாது. சூற்பையின் உச்சியில் இருக்கும் சூல்முடியில் ஒட்டி, அங்கிருந்து மெல்லிய குழாய்போல வளர்ந்து உள்ளே போய்த்தான் சேர வேண்டும். சேர்ந்த பிறகு சூல் விதையாகிறது; அதைச் சுற்றியிருக்கும் சூற்பை காயாகிறது. கத்தரிக்காயின் சதையும், புளியம்பழத்தின் ஓடும், தேங்காயின் மட்டையும் ஒரு காலத்தில் சூற்பையின் சுவராக இருந்தவைதான்.

முந்திரியில் அந்தச் சுவர்தான் கைவேக வைக்கும் ஓடு. ஆக, நாம் கொட்டை என்று சொல்வதே முந்திரியின் உண்மையான காய். பழம் என்று சொல்வது, பூவின் காம்பு ஊதிப் பெருத்தது. இதற்குத் தோப்பிலேயே சாட்சி இருக்கிறது. பிஞ்சு பிடித்தவுடன் பச்சையாக வளர்வது கொட்டைதான். அது முழு அளவுக்கு வரும்வரை மேலே இருப்பது வெறும் காம்பு. அதற்குப் பிறகே காம்பு திரண்டு, நீர் கோத்து, சிவப்போ மஞ்சளோ ஏறுகிறது. “ஆமாமா, கொட்டை முதல்ல, பழம் அப்புறம். இது எனக்குத் தெரியுமே” என்றார் தாத்தா. தெரிந்ததுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

கூம்பு மரங்களின் கதை வேறு. பைன் மரத்தின் கூம்பை விரித்துப் பார்த்தால், மரத்தகடு போன்ற செதில்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு செதிலின் மேலும் விதை வெறுமனே அமர்ந்திருக்கும். சூற்பை இல்லை, சூல்முடி இல்லை, ஆகவே காயும் இல்லை, பழமும் இல்லை. காற்றில் வரும் மகரந்தம் செதில்களின் இடுக்கில் நுழைந்து, சூலின் வாயில் கசிந்து நிற்கும் ஒரு சொட்டு ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். மூடிய விதை அறைக்குள் படுத்திருக்கும் பிள்ளை என்றால், திறந்த விதை திண்ணையில் படுத்திருக்கும் பிள்ளை.

சவுக்குக் காய் செய்த ஏமாற்று

முந்திரி விஷயத்தில் தோற்ற தாத்தா, சவுக்கில் விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் சவுக்குக் கிளையை வெட்டிவந்து வாளி மணலில் நட்டு, நட்சத்திரமும் வண்ணத்தாளும் கட்டுவார்கள். வெளிநாட்டுப் படங்களில் வரும் கிறிஸ்துமஸ் மரத்துக்கு நம் பக்கத்தில் அதுதான் மாற்று. “ஊசி இலை இருக்கு, கூம்பு மாதிரி காய் இருக்கு. இது எப்படிப் பூக்கிற மரம் ஆகும்?”

இந்தக் கேள்வி நியாயமானது. சவுக்கைப் பார்த்துப் பலரும் ஏமாந்திருக்கிறார்கள். முதலில் அந்த ஊசி, இலையே அல்ல. பச்சைநிறக் குச்சி, கிளையின் நுனி. சின்ன வயதில் எல்லோரும் விளையாடியிருப்போம்: சவுக்கு ஊசியை ஒரு கணுவில் பிய்த்து, மறுபடி செருகிவைத்து, ‘எங்க பிச்சேன், சொல்லு பார்ப்போம்’ என்று கேட்பது. அப்படிப் பிய்கிற ஒவ்வொரு கணுவிலும் வட்டமாகப் பல்பல்லாக நிற்கும் நுண்ணிய செதில்கள்தான் சவுக்கின் இலைகள். பைன் ஊசியை அப்படிப் பிய்த்துச் செருக முடியாது. அது கணு இல்லாத முழு இலை.

காயும் அப்படியே. சவுக்கு நாற்றங்கால் போட்டவர்களுக்குத் தெரியும். காய்களைப் பறித்து வெயிலில் உலர்த்தினால், வாய் பிளந்து இறகு வைத்த சிறு விதைகள் கொட்டும். எறும்பு இழுத்துப் போகாமல் அவற்றைக் காப்பதே பெரும்பாடு. நாம் விதை என்று தூவும் அந்த ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு முழுக் காய். மெல்லிய சுவருக்குள் ஒரே ஒரு விதை. பெண் பூக்கள் நெருக்கமாகச் சேர்ந்த சிறிய செந்நிறக் குஞ்சம்தான் பிறகு முற்றி மரக்கூம்பு போல ஆகிறது. ஆக, நாம் சவுக்குக் காய் என்று சொல்வது பல காய்கள் சேர்ந்த ஒரு கொத்து. சூற்பை உண்டு, விதை மூடித்தான் இருக்கிறது. தோற்றம் பைன், குணம் முந்திரியின் பக்கம்.

தோற்றம் மறுபக்கமும் ஏமாற்றும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் இயற்கையாக வளரும் கூம்பு மர இனம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதற்கு ஊசி இலை கிடையாது, அகலமான இலை. பார்த்தால் சாதாரணக் காட்டு மரம் என்றே நினைப்போம். நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று விற்கிறார்களே, அது பூவே அல்ல. ஈந்து என்னும் சைகஸ் மரத்தின் ஆண் கூம்பு. பார்ப்பதற்குப் பனைக் குடும்பம் போல இருந்தாலும் ஈந்து திறந்த விதைத் தாவரம். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் போனால் நட்டு வளர்த்த பைன் மரங்களைப் பார்க்கலாம். மாதா கோயில் வளாகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அடுக்கடுக்காகக் கிளை விட்டு நிற்கும் அரக்கேரியாவும் கூம்பு மரம்தான்.

ஆகவே இலையைப் பார்த்தோ, காயின் வடிவத்தைப் பார்த்தோ தீர்ப்புச் சொல்லக் கூடாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: விதையைச் சுற்றிக் காய்ச்சுவர் இருக்கிறதா, இல்லையா?

கல்லாகிப்போன மரம்

அரையாண்டு விடுமுறையில் பேத்தி ஒரு யோசனை சொன்னாள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்மரம் இருக்கிறது. அதுவும் கூம்பு மரம்தான் என்று டீச்சர் சொன்னாராம். மகனுக்கு வண்டி ஓட்ட நேரம் இருந்தது. மூன்று பேரும் ஜெயங்கொண்டம், அரியலூர் வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டுப் பாதுகாக்கும் இடம் அது. 18 மீட்டர் நீளத்துக்கு ஓர் அடிமரம் படுத்துக் கிடக்கிறது. தூரத்தில் பார்த்தால் நேற்று சாய்ந்த மரம் போல இருக்கும். கிட்டே போனால் முழுக்கக் கல். 1940-ம் ஆண்டு இதை முதன்முதலில் உலகுக்குச் சொன்னவர் டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன். தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்து, பின்னாளில் அந்தத் துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனவர்.

மரம் எப்படிக் கல்லானது? ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதி கடலாக இருந்தது. அரியலூரைச் சுற்றி சிமென்ட் ஆலைகள் தோண்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுச்சென்ற படிவுதான். சிப்பியும் நத்தையும் இன்றும் அதில் பதிந்து கிடக்கின்றன. அன்றைக்குக் கரையில் இருந்த மரங்களை ஆற்று வெள்ளம் கடலுக்குள் இழுத்துப் போனது. மணலும் சேறும் மூடின. காற்றுப் படாததால் மரம் மக்கவில்லை. நீரில் கரைந்திருந்த மணிக்கல் சத்து மரத்தின் திசுக்களுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி, மரம் இருந்த இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது.

தாத்தாவுக்கு ஒரு சந்தேகம். “இலை இல்ல, கூம்பு இல்ல, விதை இல்ல. வெறும் கட்டையை வெச்சுக்கிட்டு இது கூம்பு மரம்னு எப்படிச் சொன்னாங்க?”

கட்டையே சொல்லிவிடும். பூக்கும் மரங்கள் பெரும்பாலானவற்றின் கட்டையில் நீர் ஏறுவதற்கென்று அகலமான குழாய்கள் இருக்கும். வேம்பையோ தேக்கையோ குறுக்கே சீவிப் பார்த்தால் ஊசிக் கண் போன்ற துளைகள் தெரியும். பைன் கட்டையில் அந்தத் துளைகள் இருக்காது. ஒரே மாதிரியான நுண்ணிய நார்ச்செல்களே வரிசையாக இருக்கும். கல்லாக மாறினாலும் அந்த அமைப்பு அப்படியே பதிந்திருக்கும். கல்லை மெல்லிய தகடாகத் தேய்த்து உருப்பெருக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். வெளிநாட்டு இயந்திரங்கள் வரும் பைன் பலகைப் பெட்டி கிடைத்தால், அதன் வெட்டுமுனையையும் ஒரு வேப்பங்கட்டையின் வெட்டுமுனையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த மரம் உயிரோடு நின்ற காலத்தில் காடுகள் பெரும்பாலும் கூம்பு மரங்கள் வசம் இருந்தன. பூக்கும் செடிகள் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தன. பிறகு நிலைமை தலைகீழானது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் இன்னொரு கல்மரப் பூங்கா இருக்கிறது. அங்கே கிடப்பவை சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையானவை. அவற்றில் கூம்பு மரங்களும் உண்டு. ஆனால் புளியமரக் குடும்பத்தைச் சேர்ந்த பூக்கும் மரங்களும் உண்டு. இன்று உலகில் திறந்த விதைத் தாவரங்கள் சுமார் 1,000 இனங்கள்தான். பூக்கும் தாவரங்கள் சுமார் 3 லட்சம். நெல், கம்பு, உளுந்து, கடலை, கரும்பு, தென்னை, வாழை என்று நாம் விதைத்து வாழ்வது எல்லாமே பூக்கும் கூட்டம். இமயமலையில் பைன் விதைகளைச் சேகரித்துச் சாப்பிடுகிறார்கள் என்றாலும், நம் சோற்றுக்குக் கூம்பு மரத்தை நாம் நம்பியிருப்பதில்லை.

அதற்காகக் கூம்பு மரத்தைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். உலகிலேயே உயரமான மரம் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் 115 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. குளிரும் பனியும் உள்ள பூமியில் இன்றும் அவைதான் ராஜா.

வேகமும், வேலைக்காரர்களும்

மூடி வைத்ததால் பூக்கும் செடிக்குக் கிடைத்த லாபம் என்ன? முதலாவது வேகம். பைன் மரத்தில் மகரந்தம் வந்து சேர்ந்த பிறகு கருவுறவே ஓராண்டு ஆகலாம். விதை முற்ற ஏறக்குறைய இரண்டு ஆண்டு. முந்திரியில் பூவிலிருந்து கொட்டை முற்ற சுமார் இரண்டே மாதம். நெல்லில் பூத்து ஒரு மாதத்தில் அறுவடை.

இரண்டாவது சிக்கனம். கூம்பு மரம் விதைக்கான உணவைக் கருவுறுவதற்கு முன்பே சேர்த்துவைத்துவிடும். பூக்கும் செடி அப்படிச் செய்யாது. கரு உண்டான பிறகுதான் அதற்கான உணவைத் திரட்டும். விருந்தாளி வந்த பிறகு உலை வைப்பது போல. நெல்லில் பூக்கும் நேரத்தில் கடும் வெயிலோ மழையோ வந்து மகரந்தம் சேராமல் போனால் பதர் விழுகிறதே, காரணம் இதுதான். கரு இல்லாத இடத்தில் செடி அரிசி வைக்காது.

மூன்றாவதுதான் வரதராஜன்பேட்டைத் தோப்புக்கு வேண்டிய விஷயம். கூம்பு மரங்கள் காற்றை நம்பியவை. மகரந்தத்தைப் பொடியாக அள்ளி வீசும். சேருவது சேரட்டும், போவது போகட்டும். பூக்கும் செடிகளில் பெரும்பாலானவை வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டன. தேன்தான் கூலி. தேனீ, ஈ, எறும்பு, வண்டு, வண்ணத்துப்பூச்சி எல்லாம் அந்த வேலைக்காரர்கள்.

சாத்தனூரிலிருந்து திரும்பும் வழியில் தாத்தா இதைக் கேட்டுவிட்டு, “அப்படின்னா காத்துல சேருறது எல்லாம் கூம்பு மரம், ஈ சேர்க்கிறது எல்லாம் பூ மரம்” என்று கணக்கை முடித்தார். பேத்தி ஒப்புக்கொள்ளவில்லை. “இல்ல தாத்தா. மக்காச்சோளத்துக்குக் காத்துதான். சவுக்குக்கும் காத்துதான். ஆனா ரெண்டும் பூக்கிறதுதான். விதை மூடியிருக்கா இல்லையாங்கிறதுதான் பேச்சு.” மூடிய விதைக் கூட்டத்திலேயே சில செடிகள் மறுபடி காற்றிடம் வேலையைக் கொடுத்துவிட்டன. முந்திரி அப்படி இல்லை. அதன் மகரந்தம் ஒட்டும் தன்மை உடையது. காற்றில் அதிகம் பறக்காது. ஆள் வந்துதான் எடுத்துப் போக வேண்டும்.

“நம்ம தோப்புக்கு ஆள் வருதா?” என்று கேட்டார், அதுவரை பேசாமல் வண்டி ஓட்டிய மகன்.

ஒரு கொத்துப் பூ சொன்ன கணக்கு

ஜனவரியில் தோப்பு பூக்கத் தொடங்கியது. பேத்தி ஒரு பூங்கொத்தைப் பறித்துவந்து, திண்ணையில் தாளை விரித்து ஒவ்வொரு பூவாகப் பிரித்தாள். முந்திரியின் ஒரே கொத்தில் இரண்டு வகைப் பூ உண்டு. ஒன்று ஆண் பூ. மகரந்தம் கொடுத்துவிட்டு உதிர்ந்துவிடும், என்ன செய்தாலும் காயாகாது. இன்னொன்று இருபால் பூ. அதன் அடியில்தான் சூற்பை, பச்சைக் குமிழாக இருக்கும். எண்ணிக்கையில் ஆண் பூவே மிக அதிகம். நூற்றுக்குப் பத்து இருபதுகூட இருபால் பூ தேறாத மரங்கள் உண்டு. அந்தச் சிலவற்றிலும் பிஞ்சு பிடித்த பிறகு உதிர்வது நிறைய.

விடைத்தாளில் பெருக்கல் குறி வாங்கித் தந்த அந்தச் சூற்பைதான், தாள் மேல் இரண்டு குவியலாகப் பிரிந்து கிடந்தது. ஒரு பக்கம் பெருங்குவியல். மறுபக்கம் ஒரு கைப்பிடிகூட இல்லை. தாத்தா சின்னக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தனூண்டு பூவை நம்பித்தான் நாம இருந்தோமா?”

பிறகு அவராகவே முந்தைய பருவத்தைச் சொன்னார். தேயிலைக் கொசு தாக்கிக் கொத்து கருகுகிறது என்று மருந்து அடித்தார்கள். அடித்தது கொத்து முழுக்கப் பூத்து நின்ற வாரத்தில். அதுவும் காலை ஒன்பது, பத்து மணிக்கு. அடுத்த தோப்பிலும் அதே வாரம். அன்றைக்கு ஈ, எறும்பு எல்லாம் கீழே விழுந்து கிடந்ததை ஆயா பார்த்திருக்கிறார். காய் பிடிக்காததற்கு மூடுபனியையும் மேகமூட்டத்தையும் காரணம் சொன்னார்கள். பனிக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் வேலைக்காரர்களை அந்த வீட்டிலேயே விரட்டியிருந்தார்கள்.

தேயிலைக் கொசுவை விட்டுவைக்கச் சொல்லவில்லை. துளிரையும் பூங்கொத்தையும் இளம் பிஞ்சையும் உறிஞ்சி, கொத்தையே காயவைத்துவிடும் பூச்சி அது. மருந்து தேவை என்றால் அதற்கென்று நேரம் இருக்கிறது. புதுத்துளிர் வரும்போது, பூங்கொத்து கிளம்பி மொட்டாக இருக்கும்போது, பிறகு பிஞ்சு பிடித்தபோது. அதுவும் பாதிப்பைப் பார்த்துத்தான். பூ விரிந்து நிற்கும் நாட்களில் கூடாது. தவிர்க்கவே முடியாவிட்டால், தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, சாயங்காலம் பொழுது சாய்ந்து அடிக்கலாம். எந்த மருந்து, எவ்வளவு என்பதை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. மரத்தில் செம்முசுறு கூடு கட்டியிருந்தால் கலைக்க வேண்டாம். கடிக்கும்தான், ஆனால் தேயிலைக் கொசுவை வேட்டையாடுவதும் அதுதான்.

தோப்பு என்ன ஆனது?

பொங்கல் வந்தது. மர வியாபாரி வந்தார். மகன் சொன்ன காரணத்தைத் தாத்தா ஒதுக்கவில்லை. கொட்டை ஊன்றி வந்த மரங்கள் தாய் மரத்தின் குணத்தை அப்படியே கொண்டுவருவதில்லை. அதிலும் வயதாகிவிட்டால் விளைச்சல் குறையத்தான் செய்யும். தண்டுத் துளைப்பான் ஏறி, அடியில் மரத்தூள் கொட்டிக்கொண்டிருந்த மரங்களை வைத்துக்கொண்டு அழுவதில் பொருள் இல்லை. அந்த மரங்களை வெட்ட ஒப்புக்கொண்டார். அவருடைய அப்பா வைத்த பாதியில் பெரும்பகுதி போனது. வெட்டிய அன்று அவர் தோப்புப் பக்கமே போகவில்லை.

அவரே வைத்த மறு பாதி நின்றது. அதில் நல்ல நிலையில் இருந்தும் காய்ப்புக் குறைந்த சில இளம் மரங்களைத் தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் வெட்டி, வரும் துளிர்களில் நல்ல ரகத்தின் இளந்தண்டை ஒட்டுக்கட்டுவது என்று முடிவு. வெட்டிய முண்டத்தில் துளைப்பான் ஏறாமல் கண் வைத்துப் பார்க்க வேண்டும். காலியான இடத்துக்கு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 ஒட்டுக் கன்று. 7 மீட்டருக்கு 7 மீட்டர் வைத்தால் ஏக்கருக்கு சுமார் 80 கன்று; அடர் நடவாக 5 மீட்டருக்கு 4 மீட்டர் வைத்தால் 200 கன்று. கவாத்துச் செய்ய ஆள் கிடைப்பதைப் பொறுத்து அதை முடிவு செய்யலாம் என்று வைத்திருக்கிறார்கள்.

சவுக்கையும் விடவில்லை. வடக்கு ஓரத்தில் மகன் விருப்பப்படி அரை ஏக்கர். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கும். காற்றுத் தடுப்பாகவும் நிற்கும். உலகில் காகிதத்துக்குப் பெருமளவில் வெட்டப்படுவது கூம்பு மரம். நம் மாநிலத்துக் காகித ஆலைகளில் அந்த வேலையைத் தைல மரத்தோடு சேர்ந்து சவுக்குதான் பார்க்கிறது. கூம்பு மரத்தின் வேஷம் மட்டுமல்ல, வேலையும் சவுக்குக்கு வந்திருக்கிறது.

பேத்தி அந்தக் கேள்விக்கு மறுபடி விடை எழுதி டீச்சரிடம் காட்டினாள். மதிப்பெண் மாறவில்லை. விடைத்தாளின் ஓரத்தில் டீச்சர் ‘நன்று’ என்று எழுதிக் கொடுத்தார்.

பிப்ரவரி முதல் வாரம், தோப்பு முழுக்கப் பூ. காலை ஒன்பது மணிக்கு அடுத்த தோப்புக்காரர் வந்து, “மாமா, உங்க ஸ்பிரேயரைக் கொஞ்சம் குடுங்க. என்னுது ரிப்பேர்” என்றார்.

தாத்தா திண்ணையிலிருந்து எழுந்திருக்கவில்லை. மரங்களுக்கு மேலே ஈக்களின் இரைச்சல் வீடுவரை கேட்டது.

“உக்காரு மாப்ள, டீ குடி. இப்ப வேலையாளுங்க உள்ள இருக்காங்க. சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போனதும் வா. அதுக்குள்ள உன் தோப்புல ஒரு கொத்துப் பூ பறிச்சுக்கிட்டு வா. பேத்தி உனக்கு ஒரு கணக்குச் சொல்லுவா.”